றோசம்மாவின் பற்றறி

பெனடிக்ற் கட்டாரிலிருந்து திரும்பி வரும்போது தங்கம் கொண்டுவருவார் என்று பேசாலையில் என் சொந்தக்காரரில் பாதிப் பேர் நம்பிக்கொண்டிருந்தார்கள். அவர் கொண்டுவந்தது பெட்டி நிறைய வெட்டி ஒட்டும் ஸ்பொஞ்ச் பலகை, உள்ளங்கைக்குள் அடங்கும் மோட்டர்கள், ஒரு றிமோட், கொஞ்சம் பற்றறி. கரண்டில் ஓடும் சின்ன விமானங்களைச் செய்து கடற்கரையில் பறக்கவிடுவது அவருடைய பைத்தியம். கல்யாணம் பேசும்போது இதை யாரும் என் காதில் போடவில்லை.

பிறகு நானும் அந்தப் பைத்தியத்துக்குள் இழுபட்டேன். சந்தியில் எங்களுக்கு ஒரு போன் திருத்தும் கடை இருக்கிறது. பற்றறியும் மீற்றரும் எனக்குப் பழகிய சாமான்கள். பெனடிக்ற்றுக்குப் பறக்கவிடத் தெரியும், உட்கார்ந்து அளக்கத் தெரியாது. ஆகவே வேலை தானாகவே பிரிந்தது. பறக்கவிடுவது அவர், பறக்கலாமா என்று சொல்வது நான். அநேகமாக வேண்டாம் என்றுதான் சொல்வேன். அதனால் வீட்டில் கெட்ட பெயரும் எனக்குத்தான்.

கடைக்குப் பின்னால் ஒரு பழைய மேசை கிடக்கிறது. அதில் மோட்டரை இறுக்கிப் பூட்டி, விமானத்தின் விசிறியை மாட்டி, நடுவில் மீற்றரை வைத்து ஓடவிடுவேன். சும்மா கிடக்கும்போது எந்தப் பற்றறியும் முழு வோல்ற்றேஜ் காட்டும். விசிறி இழுக்கத் தொடங்கினால்தான் அதன் குணம் வெளியே வரும். நல்லது கொஞ்சம் இறங்கி அங்கேயே நிற்கும். கெட்டது இறங்கிக்கொண்டே போகும், தொட்டால் கையைச் சுடும். மனிதரையும் இப்படி மேசையில் பூட்டிச் சோதிக்க வழியிருந்தால் எத்தனையோ கல்யாணம் நடந்திராது.

இந்தப் பற்றறிகளை வைத்திருப்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. பறக்கவிடாத நாட்களில் அரைவாசி சார்ஜோடு, வெக்கை படாத இடத்தில் வைக்கவேண்டும். முட்ட நிரப்பி வெக்கைக்குள் போட்டால் கொஞ்ச நாளில் வயிறு ஊதிவிடும். ஊதினால் பலமும் போய்விடும். இதை நான் றோசம்மாவுக்கும் ஒருமுறை சொன்னேன்.

றோசம்மா என் தம்பி யாகப்பரின் மனைவி. ஒரே வளவுக்குள் பக்கத்து வீடு. விடத்தல்தீவில் பிறந்து, சண்டைக் காலத்தில் ஊர் ஊராக இடம்பெயர்ந்து, கரண்ட் என்றால் என்னவென்றே தெரியாமல் வளர்ந்தவள். சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு, டைனமோவைச் சுற்றி, றேடியோவில் செய்தி கேட்ட சனம் அவர்கள். நான் சொன்னதைக் கேட்டு அவள் சிரித்தாள்.

"அரைவாசி வைக்கிறதோ? பேந்து கரண்ட் போனா என்ன செய்யிறது மச்சாள்?"

விளங்கிவிட்டது என்று நினைத்து நானும் சிரித்தேன்.

கரண்டும் எண்ணெயும் காஸும் ஒன்றாக இல்லாமல் போன அந்த வருசத்தை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். கரண்ட் எப்போது வரும், எப்போது போகும் என்று பேப்பரில் போடுவார்கள். அதுவும் சரியாக நடக்காது. பெற்றோல் செட்டில் கான்களுக்குக் கயிறு கட்டி, சனங்கள் வரிசையிலேயே படுத்தெழும்பினார்கள். மண்ணெண்ணெய் இல்லாமல் போட்டுகள் எல்லாம் மணலில் ஏறிக் கிடந்தன. சனத்துக்குக் கோபப்படக்கூடச் சத்து இல்லை. கடையில் நானும் பெனடிக்ற்றும் ஒருவரோடொருவர் பேசாமலே நாள் போகும். சண்டை ஒன்றும் இல்லை, அலுப்புத்தான். விமானம் கூரைக்குக் கீழே தொங்கியது. பற்றறிப் பெட்டி எங்கள் வீட்டு அலுமாரிக்கு மேலே இருந்தது. இரண்டையும் நாங்கள் மறந்தே போனோம்.

யாகப்பர் சும்மா இருக்க முடியாதவன். பழைய வள்ளம் ஒன்றைத் தூசி தட்டி, பாய் கட்டிக்கொண்டு கடலுக்குப் போகத் தொடங்கினான். பாயில் கிழிந்த இடமெல்லாம் நீலத் தறப்பாளை வைத்துத் தைத்திருந்தான். தென்மேற்கிலிருந்து வரும் சோளகக் காற்று மூர்க்கமாக அடித்த ஒரு நாள் விடியப் போனவன் பொழுதுபட்டும் வரவில்லை. போனுக்கு எடுத்தால் மணி அடிக்கவில்லை.

அடுத்த நாள் விடியக் கரையில் சனம் கூடிவிட்டது. கடற்படை முகாமில் சொன்னோம். படகு அனுப்புகிறோம் என்றார்கள். ஆனால் கடல் பெரிது, அவர்களுக்கும் எங்கே என்று தெரியாது. எருக்கலம்பிட்டியில் இருந்து சரிபுதீன் நானா வந்தார். யாகப்பரிடம் மீன் எடுக்கிறவர், சொந்தமாகப் பைபர் போட் வைத்திருக்கிறார். சைக்கிளில் ஒரு கானைக் கட்டிக்கொண்டு வந்து அதை என் முன்னால் இறக்கி வைத்தார்.

"பிள்ளை, என்னட்ட இருக்கிற எண்ணெய் இவ்வளவுதான். ஒரு இடத்துக்குப் போய்வரக் காணும். தேடித் திரியக் காணாது. எங்க எண்டு சொல்லுங்கோ, இப்பவே போட்டை இறக்கிறன்."

எங்கே என்று யாருக்குத் தெரியும்? மேற்கே, கடலுக்கு நடுவே மேடு தட்டிக் கிடக்கும் மணல் தீடைப் பக்கம்தான் போயிருப்பான் என்று பாதிப் பேர் சொன்னார்கள். இல்லை, காற்று வடகிழக்கே கொண்டுபோயிருக்கும் என்று மற்றவர்கள் சொன்னார்கள். சரிபுதீன் நானா இரண்டு பக்கத்தையும் மாறி மாறிப் பார்த்தார். அந்த எண்ணெயைத் தப்பான பக்கம் எரித்தால் என் தம்பி தண்ணீர் இல்லாமல் நடுக்கடலில் கிடப்பான். எல்லோருக்கும் அது தெரிந்ததால் யாரும் துணிந்து ஒரு பக்கத்தைச் சொல்லவில்லை.

அப்போதுதான் பெனடிக்ற் என் காதுக்குள் சொன்னார்.

"பிளேனை விட்டுப் பாப்பம். கமரா இருக்கு. அது தேடட்டும், நானா போய் ஏத்தட்டும்."

எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு அவர் உருப்படியாகச் சொன்ன ஒரு வார்த்தை. முகாமில் போய்க் கேட்டோம், சரி என்றார்கள். நான் வீட்டுக்கு ஓடிப் பற்றறிப் பெட்டியை இறக்கித் திறந்தேன்.

எல்லாம் வீங்கிக் கிடந்தன.

தட்டையாக, விளிம்பு கூராக இருந்த பற்றறிகள் தலையணை மாதிரி உப்பி, ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு கிடந்தன. நான் வைத்தபோது அரைவாசி சார்ஜில்தான் வைத்தேன். மீற்றரைத் தொட்டுப் பார்த்தேன். ஒவ்வொன்றும் முட்ட முட்ட நிறைந்திருந்தது. தகரக் கூரைக்குக் கீழே, அலுமாரிக்கு மேலே, அந்த வெக்கைக்குள் எத்தனை வாரம் நிறைந்தபடி கிடந்தனவோ.

"எல்லாம் ஃபுல்லா இருக்கு மச்சாள்," என்று பின்னால் குரல் கேட்டது. றோசம்மா வாசலில் நின்றாள். இரவு முழுக்க நித்திரை இல்லாத கண். தலை கூட வாரியிருக்கவில்லை. "நீங்கள் கடையில நிக்கேக்க, கரண்ட் வர வர எங்கட போனுகளோட இதுகளையும் போட்டு எடுத்து வைக்கிறனான். பச்சை லைற் வந்தாப் பிறகுதான் கழட்டுவன். வெறுமனே கிடந்தா நேரத்துக்கு உதவாதே."

எனக்கு வாய் துடித்தது. கடையில் ஒரு சனத்துக்கும் நான் விட்டுக்கொடுப்பதில்லை. போனைத் தண்ணீருக்குள் போட்டுவிட்டு அரிசிக்குள் புதைத்தோம் என்று வருகிறவர்களுக்கு நான் கொடுக்கும் பேச்சு ஊருக்கே தெரியும். அவளுக்குச் சொல்ல வேண்டியதெல்லாம் நாக்கு நுனிவரை வந்தது. உன் புருசனைத் தேடப் போகிற பற்றறியை நீயே கெடுத்து வைத்திருக்கிறாய் என்பதை எந்த வாயால் சொல்வது? விழுங்கினேன்.

"வா, கடைக்குக் கொண்டுபோவம்," என்றேன்.

விடியத் தொடங்கி கரண்ட் இல்லை. எப்போது வரும் என்றும் தெரியாது. அதாவது பற்றறிக்குள் இருப்பதுதான் எங்களுக்கு இருப்பது. முழுச் சோதனை செய்தால் சோதனையிலேயே தீர்ந்துவிடும். சோதிக்காமல் விட்டால் எது எவ்வளவு தாங்கும் என்று தெரியாது. ஆகவே ஒவ்வொன்றையும் மேசையில் பூட்டி, விசிறியை முழு வேகத்தில் கொஞ்ச நேரம் மட்டும் ஓடவிட்டு நிறுத்தினேன். முதலாவது, விசிறி எடுத்த எடுப்பிலேயே சத்தம் குறைந்து முனகியது. இரண்டாவது கை வைக்க முடியாமல் சுட்டது. மூன்றாவதற்குள் ஒரு செல் அடியோடு செத்துப்போயிருந்தது. கடைசி இரண்டும் வீக்கம் குறைந்தவை. இறங்கின, ஆனால் ஒரு இடத்தில் பிடித்து நின்றன. நான் அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டே மூச்சை விட்டேன்.

கெட்டதுகளை, தீப்பிடித்தாலும் பரவாதபடி, மணல் வாளிக்குள் போட்டேன். மற்ற இரண்டையும் சேர்த்துப் பூட்டினோம். வீங்கியதில் விமானத்தின் வயிற்றுக்குள் அவை அடங்கவில்லை. பெனடிக்ற் கத்தியை எடுத்து, தான் பார்த்துப் பார்த்துச் செய்த வயிற்றை இரண்டு பக்கமும் செதுக்கி எறிந்தார். மூடியும் பூட்டுப்படவில்லை. ரேப்பைச் சுற்றி ஒட்டினார். கட்டாரில் வேலை முடிந்துவந்து, ஆறு பேர் படுக்கும் அறைக்குள் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து வெட்டத் தொடங்கிய விமானம் அது.

"என்ன மாதிரி?" என்று மட்டும் கேட்டார். அவர் வழக்கமாகக் கேட்கிற கேள்விதான்.

"காத்தோட விட்டா நல்ல தூரம் போகும். எதிர்த்துத் திரும்பி வராது."

"அப்ப போகட்டும்," என்றார்.

எந்தப் பக்கம் என்ற கேள்வி இன்னும் அப்படியே இருந்தது. கரையில் ஆண்கள் திரும்பத் தீடை, தீடை என்றார்கள். அந்தப் பக்கம் விட்டால் காற்று குறுக்கே அடிக்கும், இந்தப் பற்றறிக்குப் பாதி வழி கூடக் காணாது. அப்போது றோசம்மா பெனடிக்ற்றைப் பார்த்துச் சொன்னாள்.

"அண்ணை, பாய்மரத்தின்ர அடி வெடிச்சிருந்தது. கயிறு சுத்திக் கட்டிக்கொண்டுதான் போனவர். காத்து கூடினா நிக்காது எண்டு நான் சொன்னனான். நீ வாயை வைக்காத எண்டிட்டுப் போனவர்."

"பாய்மரம் முறிஞ்சா?" என்றார் சரிபுதீன் நானா. அவரே பதிலையும் சொன்னார். "முறிஞ்சா காத்து கொண்டுபோகும். நங்கூரம் போட்டிருப்பான். இந்தக் கடல் ஆழமில்லை, எங்கயாவது பிடிக்கும். அப்ப வடகிழக்குத்தான்."

எனக்கு நிம்மதி வரவில்லை. பற்றறியால் போக முடிந்த பக்கமும் வடகிழக்குத்தான். அவன் அங்கே இருப்பான் என்று தேடுகிறோமா, எங்களால் போக முடிவது அங்கே மட்டும் என்பதால் தேடுகிறோமா? மேசையில் பூட்டி இதை அளக்க முடியாது. நான் றோசம்மாவைப் பார்த்தேன். அவள் வெடிப்பைக் கண்ணால் கண்டவள். அதை நம்புவோம் என்று தலையாட்டினேன்.

மீனுக்கு ஐஸ் போடும் வாடியின் கூரையில் ஏறி நின்றோம். நீட்டுக் கம்பில் அன்ரெனாவைக் கட்டிப் பிடிக்க ஒரு ஆள். பெனடிக்ற் கையில் றிமோட். எங்கள் முன்னால் சின்னத் திரை. அதன் மூலையில் ஓடும் வோல்ற்றேஜைப் பார்ப்பது என் வேலை. அவர் விமானத்தைக் கையால் எறிந்தார். காற்று அதைப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு போனது. கொஞ்ச நேரத்தில் கண்ணுக்குத் தெரியவில்லை. திரையில் கடல் மட்டும் தெரிந்தது. வெள்ளை வெள்ளையாக நுரை, வேறொன்றும் இல்லை.

எண் நான் நினைத்ததைவிட வேகமாக இறங்கியது. வீங்கிய பற்றறி சூடாகச் சூடாக இன்னும் மோசமாகும். நான் எண்ணை வாசித்துக்கொண்டே இருந்தேன். ஒரு இடத்தில் வாசிப்பதை நிறுத்தினேன். அதற்குப் பிறகு திருப்பினாலும் வீடு வராது. பெனடிக்ற்றுக்கு நான் நிறுத்தியதன் அர்த்தம் தெரியும். அவர் திருப்பவில்லை.

றோசம்மா என் தோளுக்குப் பின்னால் நின்றாள்.

"ஏன் மச்சாள் அது திரும்பி வராது? நான் ஃபுல்லாத்தானே வைச்சனான்?"

மீற்றர் காட்டாத எதையும் நான் அதுவரை யாருக்கும் சொன்னதில்லை.

"காத்து எதிர். எந்தப் பற்றறிக்கும் ஏலாது," என்றேன்.

திரையில் கறுப்பாக ஒன்று தெரிந்தது. கீழே இறக்கிப் பார்த்தால் வலையில் இருந்து அறுந்துபோன மிதப்பு. றோசம்மாவின் மூச்சு என் கழுத்தில் பட்டது. பெனடிக்ற் இன்னும் கொஞ்சம் வடக்கே திருப்பினார். நுரை, நுரை, பிறகும் நுரை. எண் சிவப்பாகிவிட்டது. இனி எப்போது வேண்டுமானாலும் நின்றுவிடலாம். வாய்க்குள் அருள்நிறைந்த மரியே சொல்லத் தொடங்கி, எங்கே விட்டேன் என்று தெரியாமல் திரும்பத் தொடக்கத்துக்கே போய்க்கொண்டிருந்தேன்.

திரையின் ஓரத்தில் நீலமாக ஒரு துண்டு தெரிந்தது.

பெனடிக்ற் வளைத்துக் கொண்டுபோனார். வள்ளம். முறிந்த பாய்மரம் குறுக்கே கிடந்தது, அதன்மேல் நீலத் தறப்பாள் போட்ட பாய். அதற்குக் கீழே இருந்து ஒரு ஆள் எழும்பி, கட்டியிருந்த சாரத்தையே அவிழ்த்துத் தலைக்கு மேலே சுழற்றினான். வேறு நேரமென்றால் சிரித்திருப்போம். றோசம்மா அப்படியே கூரைத் தகரத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

திரையில் ஓடிய ஜீபீஎஸ் இடக்கணக்கை நான் கத்திச் சொல்ல, சரிபுதீன் நானா உள்ளங்கையில் பேனையால் எழுதிக்கொண்டு கானைத் தூக்கியபடி ஓடினார். எங்கள் விமானம் வள்ளத்தைச் சுற்றிச் சுற்றி வந்தது. கடைசியில் மோட்டர் நின்றது. பெனடிக்ற் அதை மெதுவாகச் சரித்து, வள்ளத்துக்குப் பக்கமாக இறக்கினார். தண்ணீர் எழும்பியது, திரை கறுத்தது. அவர் றிமோட்டைக் கீழே வைத்துவிட்டு, வேலை இல்லாத கைகளை என்ன செய்வதென்று தெரியாமல் சாரத்தில் துடைத்தார். நான் அவர் பக்கத்தில் போய் இருந்தேன். எத்தனையோ நாளைக்குப் பிறகு அவர் கையைப் பிடித்தேன். அவ்வளவு அலுப்பிலும் அவர்மேல் எனக்கு ஆசையாக இருந்தது.

பின்னேரம் நானாவின் போட், வள்ளத்தைக் கட்டி இழுத்துக்கொண்டு கரைக்கு வந்தது. யாகப்பரின் உதடு வெடித்து, முகம் கருகிக் கிடந்தது. மடியில் ஒரு செட்டை உடைந்த விமானத்தை வைத்திருந்தான். இறங்கித் தண்ணீர் குடித்தான். பிறகும் குடித்தான். பிறகு விமானத்தை பெனடிக்ற்றிடம் நீட்டினான்.

"அத்தான், இது வந்து என்னைச் சுத்திச் சுத்திப் பாத்திட்டுத் தொப்பெண்டு விழுந்துது. பாவம், இதுக்கும் எண்ணெய் கிடைக்கேல்லையாக்கும் எண்டு நினைச்சன்."

முதலில் சிரித்தது றோசம்மாதான். சிரித்துக்கொண்டே அவன் முதுகில் ஒரு அடி போட்டாள். இன்னும் ஒன்று போட்டாள். பிறகு அந்த முதுகிலேயே முகத்தை வைத்து அழுதாள். கரையில் நின்றவர்கள் மெதுவாகக் கலைந்து திரும்பவும் எண்ணெய் வரிசைக்குப் போனார்கள்.

கொஞ்ச நேரத்தில் கரண்ட் வந்தது. றோசம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு எழும்பி, வழக்கம்போல எல்லாருடைய போனையும் வாங்கினாள். என்னுடையதை வாங்கும்போது கேட்டாள்.

"நான் ஃபுல்லா வைச்சது நல்லதாப் போச்சு, என்ன மச்சாள்?"

பெனடிக்ற் என்னைப் பார்த்தார். எங்கே, வெடிக்கப்போகிறாளா என்ற பார்வை.

"ஓம். நல்லதாப் போச்சு," என்றேன்.

இரங்கிச் சொன்ன பொய் என்று நானே முதலில் நினைத்தேன். பிறகு அந்தக் கணக்கை எத்தனையோ தடவை போட்டுப் பார்த்துவிட்டேன். நான் சொன்னபடி அரைவாசியில் வைத்திருந்தால் பற்றறி எல்லாம் நல்ல சுகமாக இருந்திருக்கும், ஆனால் அரைவாசிதான் இருந்திருக்கும். அன்றைக்கு நிரப்பக் கரண்ட் இல்லை. அவள் நிரப்பியதில் பாதிப் பலம் செத்துப்போனது, ஆனால் இருந்த பலம் முழுக்க உள்ளே இருந்தது. இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே தூரம்தான் வருகிறது. அவள் செய்தது பிழை என்று சொல்ல என்னிடம் எண் இல்லை.

நாடு கொஞ்சம் தலையெடுத்த பிறகு கொழும்பில் இருந்து புதுப் பற்றறிகள் எடுப்பித்தோம். ஒன்றில் நான் சிவப்பு ரேப் சுற்றி றோசம்மாவின் கையில் கொடுத்தேன்.

"இது உன்ர. இதை எப்பவும் ஃபுல்லா வைச்சிரு. மற்றதுகளைத் தொடாத."

"ஒண்டு மட்டுமோ?"

"ஒண்டு மட்டும்."

அவள் அதைத் தன் வீட்டு மாதா சுரூபத்துக்குக் கீழே, மெழுகுதிரிப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறாள். யாகப்பர் கடலுக்குப் போகிற நாளில் எடுத்துப் பச்சை லைற் வரும்வரை போட்டுவிட்டு, திரும்ப அங்கேயே வைப்பாள். அது வீங்கும். வீங்காமல் என்ன செய்யும்? வீங்கத் தொடங்கினதும் நான் பேசாமல் எடுத்து மணல் வாளிக்குள் போட்டுவிட்டு, புதியதில் சிவப்பு ரேப்பைச் சுற்றி வைப்பேன். நல்ல பற்றறியை இப்படி நாசமாக்குகிறாயே என்று பெனடிக்ற் புறுபுறுப்பார். கடையில் வேறு யாராவது இதைச் செய்திருந்தால் நானே அவரைக் கிழித்திருப்பேன்.

போன தடவை நான் மாற்றும்போது றோசம்மா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். வீங்கியதையும் பார்த்தாள், என் கையில் இருந்த புதியதையும் பார்த்தாள். கிட்ட வந்து புதியதை என் கையிலிருந்து வாங்கினாள்.

"தாங்கோ மச்சாள், அவர் விடியப் போறார்," என்று சொல்லிச் சார்ஜில் போட்டாள்.